அடிமானம் வேறு, அடிப்படை வேறு

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் லாகரிதம் பற்றித் தமிழில் குரல் கொடுத்த ஒரு கணிதப் பாடத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போது அடிப்படை மாற்ற விதியைப் பயன்படுத்துவோம்" என்றது அது. "இது அடிப்படை விதின்னா, இதுக்கு மேல பெரிய விதி ஒண்ணு இருக்கா மாமா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. அந்தத் தொடரை அப்படித்தான் படிக்க முடியும்.

லாகரிதம் என்பது ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் உருவாக்கி, 1614இல் வெளியிட்ட நூலில் வழங்கிய சொல். கிரேக்கத்தில் லோகோஸ் விகிதம், அரித்மோஸ் எண். ஓர் எண்ணை எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தினால் இன்னோர் எண் கிடைக்கும் என்பதைச் சொல்வது அது. தமிழில் மடக்கை, மடங்கு என்பதோடு உறவுள்ள சொல். நல்ல சொல், அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கெல்லாம் 'பேஸ்' என்பதை, அதாவது அடுக்குக்கு உயர்த்தப்படும் அந்த எண்ணை, அடிமானம் என்னாமல் அடிப்படை ஆக்குவதில்தான். எதை அசைத்தால் மற்றதெல்லாம் ஆடுமோ அதைத்தான் அடிப்படை என்கிறோம்: அடிப்படை உரிமை, அடிப்படை வசதி. மடக்கையின் பேஸ் அப்படியா? நம் வசதிக்கு மாற்றிக்கொள்கிற ஓர் எண். 4ஐ அடிமானமாகக் கொண்ட 8இன் மடக்கை வேண்டுமா? 4 என்பது 2இன் இரண்டாம் அடுக்கு, 8 மூன்றாம் அடுக்கு, விடை 3/2. அட்டவணைதான் கையில் இருக்கிறதா? 10ஐ அடிமானமாக்கி, 8இன் மடக்கை 0.9031ஐ 4இன் மடக்கை 0.6021ஆல் வகுத்தாலும் அதே 1.5தான். இப்படி மாற்ற மாற்ற மடக்கையின் மதிப்பு மாறும், அதைச் சரிக்கட்டத்தான் விதியே. 'அடிப்படை மடக்கை' என்று எழுதினால் எளிய மடக்கை என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

தமிழகப் பாடநூல்களில் உள்ள அடிமானம் இந்தக் குழப்பத்துக்கே இடம் தராது. வேறெங்கும் அன்றாடம் புழங்காத சொல் என்பதே அதன் பலம். இலங்கையில் 'அடி' என்பார்கள். '2ஐ அடியாகக் கொண்ட' என்று முழுசாகச் சொன்னால் அதுவும் அழகுதான். சுருக்கி '4 அடி' என்றால் மட்டும் நீள அளவாகிவிடும்.

அப்புறம் அதே பாடத்தில் லாகரிதத்தின் சுருக்கமான 'லாக்' என்பது 'பதிவு' ஆகியிருந்தது. "எட்டின் பதிவு, அடிப்படை நான்கு" என்றால் என்ன புரியும்? கப்பலில் எழுதும் லாக் வேறு, இது வேறு. மொழிபெயர்ப்பவர் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் இரண்டு சொல்லும் அங்கேயே கிடைத்திருக்கும்.