நியமச் சுருதியும் ஆதார சுருதியும்

மென்பொருள் சிந்தசைசரில் (கணினியில் இயங்கும் மின்னிசைக் கருவியில்) நுண்சுருதி, அதாவது சுரங்களின் நுண்ணிய இடைவெளிகளை, அமைப்பவர், எந்த விசை எத்தனை ஹேர்ட்ஸ் மீடிறனில் (ஒரு செக்கனுக்கான அதிர்வு எண்ணிக்கையில்) ஒலிக்க வேண்டும் என்று பதியும் எண்ணே ‘ரெபரன்ஸ் பிட்ச்’ எனப்படுகிறது. ஸ்காலா என்னும் மென்பொருளின் முறையிலமைந்த சுரவரிசைக் கோப்பு சுரங்களுக்கு இடையிலான விகிதங்களை மட்டுமே தருவதால், அவை ஒலியாவதற்கு இவ்வெண் இன்றியமையாதது. மின்னிசைக் கருவிகளில் ஒவ்வொரு விசைக்கும் இடப்படும் வரிசை எண் மிடி எண்; அதில் 69இற்கு 440 ஹேர்ட்ஸ் என்பதே பொது வழக்கு. 1939ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்ட அம்மீடிறன் 1975இல் ஐ.எஸ்.ஓ. 16 நியமமாயிற்று.

இதனை ‘ஆதார சுருதி’ என மொழிபெயர்ப்பது பிழை. மட்டக்களப்பில் சங்கீதம் பயிலும் பிள்ளை ‘அஞ்சு கட்டை’ என்றால், அது ஷட்ஜம் நிற்கும் இடம், அதாவது மேலைநாட்டு G சுரம். மிடி எண் 67 அச்சுரத்துக்குரிய விசைகளுள் ஒன்று. மென்பொருளோ ஷட்ஜத்துக்கு உரிய விசையையும், மீடிறன் பதியும் விசையையும் தனித்தனியே கேட்கிறது. ஷட்ஜத்தை 67இல் வைத்து, 440ஐ 69இல், அதாவது ரிஷபத்தில், பதிந்துவிட்டால் நேர்வது இதுதான்: ரிஷபம் ஷட்ஜத்தைப் போல் 9/8 மடங்கு எனில் ஷட்ஜம் 391.11 ஹேர்ட்ஸ், அதனையே 10/9 ஆக்கினால் ஷட்ஜம் 396இற்கு ஏறிவிடும். ஒரு ரிஷபத்தைத் திருத்தப்போய்ப் பாடகியின் சுருதி முழுவதுமே ஏறத்தாழ 21.5 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) பெயர்கிறது. தம்பூராவோடு பாடிப் பழகிய எவருக்கும் இது பொறுக்காது.

‘சுருதி’ என்பது கேட்டலைக் குறிக்கும் ‘ஸ்ரு’ என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. ‘கேள்’ என்னும் அடியிற் பிறந்த ‘கேள்வி’ அதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல். சுரங்களுக்கிடையிலான நுண்ணளவுக்கோ ‘அலகு’ என்ற பெயர் உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் அலகுகளைக் கணித முறையில் ஆராய்ந்தார். இத்தகைய கணக்கு நம்மிடையே இருக்க, இருவேறு அளவுகளை ஒரே பெயரில் அடைப்பது வருத்தத்துக்குரியது.

நமது இலங்கைப் பாடநூல்களில், பொது அளவாக ஏற்கப்பட்டது என்னும் பொருளில் ‘நியம’ என்ற அடை நிலைபெற்றிருப்பதால், பதியும் மீடிறனை ‘நியமச் சுருதி’ என்பதே பொருத்தம். ஷட்ஜத்தின் இடம் ‘ஆதார சுருதி’யாகவே இருக்கட்டும், தனித்தமிழ் விரும்புவோர் ‘குரல்’ எனலாம். ஐந்து கட்டைப் பாடகிக்கு அமைக்கும்போது நியமச் சுருதியையும் 67ஆம் விசையிலேயே 392 ஹேர்ட்ஸ் எனப் பதிந்துவிட்டால், ரிஷபத்தை எவ்வளவு மாற்றினாலும் ஷட்ஜம் அசையாது.