கோடு போட்ட கம்பளி சாக்ஸும் உணர்ச்சி குறைந்த கால்களும்

நவம்பர் பிறந்துவிட்டால் நீலகிரியில் பல வீடுகளில் ஊசியும் உல்லன் நூலும் வெளியே வந்துவிடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், டிசம்பர் ஜனவரியில் காலையில் புல் முழுக்க உறைபனி படிந்து கிடக்கும், சிமெண்ட் தரையில் வெறுங்காலை வைக்கவே முடியாது. அதனால் வயதான அப்பா அம்மாவுக்கு மூன்று நாலு நிறத்தில் கோடு போட்டு சாக்ஸ் பின்னிக் கொடுப்பது நல்ல விஷயம்தான், நானும் பின்னுகிறவள்தான். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்ப்பதே என் அன்றாட வேலை என்பதால், யாராவது அப்படி ஒரு சாக்ஸோடு வந்தால் அதைக் கழற்றி முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவேன்.

காரணம் அந்தக் கோடுகள். ஒரு நிறத்தை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கும் இடத்திலெல்லாம் இரண்டு நூல் முனைகள் மிஞ்சும். பெரும்பாலானவர்கள் அதை ஒரு முடிச்சுப் போட்டு, ஒட்ட வெட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். பத்துக் கோடு என்றால் பத்து முடிச்சு, அதில் பாதி பாதத்துக்குக் கீழே. உங்களுக்கும் எனக்கும் அது உறுத்தும், ஐந்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவோம். சர்க்கரை நோய் பல வருடமாக இருந்து பாதத்தின் நரம்பு கெட்டுப்போனவருக்கு அது உறுத்தவே உறுத்தாது.

எவ்வளவு உறுத்தாது என்பதை வீட்டில் இருப்பவர்கள் ஒருமுறை நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள். மோனோஃபிலமென்ட் என்று நாங்கள் ஒரு நைலான் இழை வைத்திருக்கிறோம், அதை வளைகிற வரை தோலில் அழுத்தினால் 10 கிராம் அளவு விசை படும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல் அடியில், முன்பாதத்தில் என்று மாற்றி மாற்றி வைப்போம். இழை வளைந்து நிற்கும், பக்கத்தில் நிற்கிற மகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரோ கண்ணை மூடியபடியே “இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?” என்று கேட்பார். இந்தக் காலுக்குத்தான் நாம் முடிச்சு வைத்த சாக்ஸ் பின்னுகிறோம்.

சுண்டுவிரலுக்குக் கீழே பட்டாணி அளவுக்குச் சிவந்து, நடுவில் நீர் கோத்த ஒரு கொப்புளம், சாக்ஸைத் திருப்பினால் சரியாக அதே இடத்தில் கறுப்பு நூலும் மஞ்சள் நூலும் சேரும் முடிச்சு. இப்படி நோயாளியை அழைத்து வருகிறவர்களில் பலரும் சொல்வது ஒன்றுதான்: “உறுத்துதான்னு கேட்டேனே டாக்டர், நல்லா மெத்து மெத்துனு இருக்குன்னு சொன்னாரே.” அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆகவே உறுத்துகிறதா என்று அவரிடம் கேட்பதில் பயனில்லை, கொடுக்கும் முன்னால் நீங்களே கையை உள்ளே விட்டு, விரல் நுனியால் குதிகால் முதல் விரல் முனை வரை தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் அதைப் பிரித்துச் சரிசெய்துவிட வேண்டும்.

சரி, முடிச்சு இல்லாமல் கோடு போடுவது எப்படி? ரொம்பச் சுலபமான வழி, நூலிலேயே நிறம் மாறி மாறி வரும்படி சாயம் போட்டு வருகிற சாக்ஸ் நூலை வாங்குவது. ஒரே நூலைப் பின்னிக்கொண்டே போனால் கோடு தானாக விழும், நடுவில் சேர்ப்பே கிடையாது. சாதாரணக் கம்பளி நூல் என்றால் இரண்டு முனைகளையும் லேசாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரக் கையில் சூடேறத் தேய்த்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக்கில் இது நடக்காது, மெஷினில் துவைக்கலாம் என்று போட்ட சூப்பர்வாஷ் கம்பளியிலும் நடக்காது. அவற்றுக்கு, முனையை ஒரு விரல் நீளத்துக்காவது விட்டு, மொண்ணை ஊசியால் கண்ணிகளுக்குள் கோத்து மறைப்பதுதான் வழி.

என் யோசனை இன்னும் எளிது. கோடெல்லாம் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும், எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடுங்கள். பாதத்துக்கு வெள்ளையோ சந்தன நிறமோ ஒரே நூல். இதனால் பாதத்தில் சேர்ப்பு வராது என்பது ஒன்று, காலில் புண் இருந்து கசிந்தால் சாக்ஸில் கறை தெரியும் என்பது இன்னொன்று, என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிது. மெரூன், கறுப்பு, கருநீலக் கோடுகளில் ரத்தம் பட்டால் கண்ணுக்கே தெரியாது. வலியும் இல்லாமல் கறையும் தெரியாமல் போனால் அந்தப் புண்ணை யார் கண்டுபிடிப்பது?

நம் அம்மாக்கள் பலரும் ஸ்வெட்டர் பின்னுகிற இரண்டு நேர் ஊசியிலேயே சாக்ஸையும் தட்டையாகப் பின்னி, பிறகு ஓரத்தைச் சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல் தடிப்பாக நிற்கும். முடிந்தால் நான்கைந்து ஊசி செட்டிலோ சர்குலர் ஊசியிலோ வட்டமாகப் பின்னக் கற்றுக்கொள்ளுங்கள், யூடியூபில் தமிழிலேயே தேடிப் பாருங்கள். ஏற்கெனவே தைத்த சாக்ஸ் இருக்கிறதா, அதைத் திருப்பிப் போட்டுவிடச் சொல்லுங்கள். தையல் வெளியே, வழவழப்பு உள்ளே. பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை, சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கான சர்வதேச வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது.

அப்புறம் மேல் பட்டி. கழன்று வரக்கூடாது என்று அதை இறுக்கிப் பின்னுகிறவர்கள் அதிகம். காலையில் அளவெடுக்காதீர்கள், மாலையில் கால் வீங்கியிருக்கும்போது எடுங்கள். தொடங்கும்போது இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் கண்ணி ஏற்றிவிட்டு, பிறகு ஒன்றை உருவிவிட்டால் பட்டி நன்றாக விரியும். ராத்திரி கழற்றியதும் காலில் பள்ளமாகத் தடம் விழுந்திருந்தால் அது இறுக்கம், எலாஸ்டிக் கோத்தால் இன்னும் மோசம்.

கனமான நூலில் பின்னிய சாக்ஸைப் பழைய ஷூவுக்குள் திணிப்பதும் வழக்கம். ஷூ அதே அளவு, கால் மட்டும் பருத்துவிட்டது, விரல்கள் ஒன்றையொன்று நெரிக்கும். ஷூவோடு போட மெல்லிய நூலும் 2.5 மில்லிமீட்டர் ஊசியும் போதும். தடித்த சாக்ஸ் படுக்கைக்கு மட்டும். அதை மட்டும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது, அதுவும் டைல்ஸ் தரையில், வழுக்கி விழுவதற்கான ஏற்பாடு.

கம்பளி ஈரத்தை நன்றாக உறிஞ்சும், அக்ரிலிக் உறிஞ்சாது, வேர்வை தோலிலேயே நிற்கும். ஆனால் சாதாரணக் கம்பளியை வெந்நீரில் அலசினால் சுருங்கிவிடும், போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் இறுக்கிப் பிடிக்கும். மழை நாளில் இங்கே எதுவும் சீக்கிரம் காயாது என்பதால் மூன்று ஜோடியாவது வேண்டும், ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

கடைசியாக ஒன்று. “கால் ஜில்லுன்னு இருக்கு” என்று அவர் சொன்னால் சாக்ஸை எடுப்பதற்கு முன் உங்கள் கையால் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது, அவருக்கு மட்டும் ஜில்லென்று தோன்றுகிறது என்றால் பெரும்பாலும் அது நரம்பின் கோளாறு. அந்தக் காலை ஹீட்டர் பக்கத்திலோ கரி அடுப்புப் பக்கத்திலோ நீட்ட விடாதீர்கள், ஹாட் வாட்டர் பேக் வேண்டவே வேண்டாம், கழுவுகிற தண்ணீர்கூட 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. தோல் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. தொட்டால் உண்மையிலேயே சில்லிட்டிருக்கிறது, ஒரு கால் மற்றதைவிட வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார் என்றால் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், தள்ளிப்போடாமல் அந்த வாரமே அழைத்துப் போங்கள். நிறம் மாறியது திடீரென்று என்றாலோ, படுத்திருக்கும்போதே கால் வலிக்கிறது என்றாலோ அன்றைக்கே.