துணை வெளிநாட்டில், நீங்கள் வியட்நாமில்: விவாகரத்துக்கு அலைவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

தெற்கு வியட்நாமில் கன் தோ நகரத்துப் பக்கம் ஆற்றுக்கு நடுவே 'தான் லொக்' என்று ஒரு தீவு. அங்கிருந்து அத்தனை பெண்கள் தைவானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதால் 'தைவான் தீவு' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. போனவர்களில் சிலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். புருஷன் தைவானிலோ கொரியாவிலோ இருக்கிறான், போனை எடுப்பதில்லை. காகிதத்தில் மட்டும் கல்யாணம் உயிரோடு இருக்கிறது, அதனால் இவளால் மறுமணம் செய்துகொள்ள முடியாது. இங்கே வேலைக்கு வந்து இங்கேயே பெண் எடுத்த நம்மவர்கள் ஒன்றிரண்டு பேரும் இதே சிக்கலோடு வருகிறார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை விஷயம் எளிது. தம்பதியில் ஒருவர் வியட்நாம் குடிமகனாக இருந்தால் வியட்நாம் நீதிமன்றம் வழக்கை எடுக்கலாம். எதிராளி வராவிட்டாலும் தீர்ப்புச் சொல்லலாம். 2014ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமும் 2015ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டமும்தான் அடிப்படை. சொத்துத் தகராறு இல்லையென்றால் கோர்ட் கட்டணம் வியட்நாம் பணத்தில் 3 லட்சம் டொங், அவ்வளவுதான். உண்மையான செலவெல்லாம் அலைச்சலில் இருக்கிறது.

முதல் அலைச்சல், எந்த நீதிமன்றம் என்பதிலேயே. வெளிநாட்டில் ஆள் இருந்தால் மாகாண நீதிமன்றம் என்றுதான் பழைய கட்டுரைகள் எல்லாம் சொல்கின்றன. 2025 ஜூலை 1 முதல் மாவட்ட நீதிமன்றங்களை எடுத்துவிட்டு வட்டார நீதிமன்றங்களைக் கொண்டுவந்துவிட்டார்கள், முதல்கட்ட வழக்கு இப்போது அங்கேதான். பழையதைப் படித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள்.

அடுத்தது, 'வரவில்லை' என்பதும் 'காணாமல் போனார்' என்பதும் ஒன்றல்ல. நிறைய பேர் விழுகிற குழி இது. காணாமல் போனவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் விவாகரத்து தானாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அந்த மனுவைப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு 2 வருடமாக எந்தத் தகவலும் இருக்கக்கூடாது, அப்புறம் தேடல் அறிவிப்புக்கு மட்டும் 4 மாதம். இந்த 2 வருடத்துக்குள் ஒரு முறை குழந்தைக்குப் பணம் அனுப்பியிருந்தாலோ, ஸாலோ என்ற மெசேஜ் செயலியில் ஒரு வார்த்தை போட்டிருந்தாலோ அவர் காணாமல் போனவர் இல்லை, ஊரில் இல்லாதவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் மேல் சாதாரண ஒருதரப்பு விவாகரத்து மனுதான் போட வேண்டும்.

மூன்றாவது, பவர் ஆஃப் அட்டர்னி. விவாகரத்து வழக்கில் உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்த இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. இது தெரிந்தும் காசு வாங்கிக்கொண்டு பவர் எழுதிக் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். எதிராளி ஓரளவு ஒத்துழைப்பவராக இருந்தால் அவரிடம் வாங்க வேண்டியது வேறு ஒரு காகிதம்: 'நான் இல்லாமலேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்' என்ற மனு. அங்கே நோட்டரி முன் கையெழுத்து, பிறகு தூதரகச் சான்று, பிறகு வியட்நாமிய மொழிபெயர்ப்பு. இரண்டு பேருக்கும் சம்மதம்தானே என்று பரஸ்பர சம்மத மனுவைப் போடாதீர்கள். சமரசப் பேச்சுக்கு இருவரும் நேரில் வர வேண்டியிருக்கும். ஒருவர் வராமல் அது அங்கேயே நின்றுபோன கதைகள் எனக்குத் தெரியும்.

இனி எதிராளியின் வெளிநாட்டு முகவரி. பாதி வழக்குகள் செத்துப்போவது இதில்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் இருந்தது, புருஷன் என்றோ அனுப்பிய பார்சலில் இருந்து கிழித்து வைத்திருந்த லேபிள் மட்டுமே. நீதிமன்றத்தில் முதல் தடவை, கொரிய எழுத்து வேண்டாம், மொழிபெயர்த்துக் கொண்டுவா என்றார்கள். இரண்டாம் தடவை மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை. மூன்றாம் தடவை, வீட்டு எண் இருக்கிறது, அடுக்கக எண் எங்கே? மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். பழைய விசா காகிதம், பணம் அனுப்பிய ரசீது, பார்சல் உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். முகவரி தெரியவே தெரியாது என்றால், கண்டுபிடித்துத் தரும்படி நீதிமன்றத்தையே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கவுன்டரில் இதைச் சொல்ல மாட்டார்கள், எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் வியட்நாமியராக இருந்து, அவரோடு தொடர்பில் உள்ள சொந்தக்காரர்கள் முகவரி சொல்ல மறுத்தால் 2018இல் உச்ச மக்கள் நீதிமன்றம் அனுப்பிய வழிகாட்டல் கைகொடுக்கும். நீதிமன்றம் இரண்டாம் முறை கேட்டும் வாயைத் திறக்காவிட்டால், வேண்டுமென்றே மறைப்பதாக எடுத்துக்கொண்டு வழக்கை நடத்தலாம்.

காகிதம் கடல் தாண்டிப் போய்வரும் காலத்தையும் கணக்கில் வையுங்கள். வழக்கை ஏற்றதாக அறிவிப்பு எழுதிய நாளிலிருந்து 6 முதல் 8 மாதத்துக்குள் சமரசக் கூட்டம், 9 முதல் 12 மாதத்துக்குள் விசாரணை என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும்.

மனுப் போடுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கொரியாவில் மனைவி இருக்கும் இடம் தெரியாவிட்டால் பொது அறிவிப்பு ஒட்டியே விவாகரத்து வாங்கிவிட முடியும். அங்கே எப்போதோ விவாகரத்து ஆகியிருக்கும், இங்கே இவள் புது வழக்குக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பாள். அப்படியானால் வழக்கே வேண்டாம். அந்தத் தீர்ப்பை வாங்கி, தூதரகச் சான்றோடு 'கி சூ லி ஹோன்', அதாவது வெளிநாட்டு விவாகரத்தை இங்கே பதிவது, அதைச் செய்தால் போதும்.

கணவன்மார்களுக்கு ஒன்று: மனைவி கர்ப்பமாக இருக்கும்போதும், 12 மாதத்துக்குள் கைக்குழந்தை இருக்கும்போதும் நீங்கள் மனுப் போட முடியாது.

தீர்ப்பு வந்த கையோடு அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு மேல்முறையீட்டு அவகாசம் தீர்ப்பு அவர் கையில் சேர்ந்ததிலிருந்து, அல்லது முறைப்படி அறிவிப்பாக ஒட்டப்பட்டதிலிருந்து, 1 மாதம். நீதிமன்றக் காகிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதிகாரிகளிடமிருந்து பதிலே வராமல் நடத்திய வழக்கென்றால் தீர்ப்பு நாளிலிருந்து 12 மாதம். அது கழிந்த பிறகு அதே நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பு அமலுக்கு வந்துவிட்டது என்று முத்திரையோடு நகல் கேட்டு வாங்குங்கள். அவர்களாக அனுப்ப மாட்டார்கள்.