நல்ல கிளாரினெட்டில் எது நல்லது?

கிளாரினெட் பழக ஆரம்பித்த முதல் வருடம் முழுக்க எனக்கு ஒரே ஒரு ஸ்வரம்தான் எதிரி. நடுவில் வரும் பி. அதற்கு முந்தைய ஏ-வை வாசிக்க இடது கை ஆள்காட்டி விரல் ஒன்று போதும். மற்ற விரல்களுக்கு வேலையே இல்லை. அடுத்த பி-க்கோ, இரண்டு கைகளிலும் ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே நொடியில் துளைகள் மேல் வந்து உட்கார வேண்டும். உட்கார வைப்பேன். குழல் கீச்சென்று கத்தும், இல்லாவிட்டால் வாயே திறக்காது. விரல் சரியில்லை, உதடு சரியில்லை, பயிற்சி போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் போனேன். பழுது பார்க்க அல்ல; இந்த பிளாஸ்டிக் கிளாரினெட்டைத் தள்ளிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கினால் பி வந்துவிடுமா என்று கேட்க. அவர் பதில் சொல்லவில்லை. சிகரெட் சுற்றும் தாளில் மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி, கீழ்ப்பாகத்தில் துளையை மூடும் மெத்தையான பேட் ஒன்றின் அடியில் நுழைத்து, கீயை அழுத்திவிட்டு இழுத்தார். தாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்து பேடில் அதையே செய்தார். தாள் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அந்த பி-க்கு இரண்டு பேடும் ஒன்றாக மூட வேண்டும். ஒன்று முடி அளவு முந்திக்கொண்டு மற்றதை மூடவிடாமல் தடுத்திருக்கிறது. சின்ன உலோகக் கால் ஒன்றை இடுக்கியால் லேசாக வளைத்தார். பி வந்தது.

புதுக் கருவி வாங்குவதை அன்றைக்குத் தள்ளிப்போட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை: விலை கூடிய கிளாரினெட் உண்மையில் எதில் கூடியது? கீ எண்ணிக்கையில் இல்லை. பழகுபவர் கருவியிலும் மேடைக் கலைஞர் கருவியிலும் வழக்கமாக அதே 17 கீ, அதே 6 வளையம். விரல் வைக்கும் முறையும் மாறாது. இயசிந்த் குளோசே என்ற கலைஞரும் லூயி ஓகுஸ்த் பூஃபே என்ற கருவி செய்பவரும் பிரான்சில் 1839 வாக்கில் உருவாக்கிய அமைப்பைத்தான் ஜெர்மனி, ஆஸ்திரியா தவிர ஏறக்குறைய எல்லா இடத்திலும் இன்றும் வாசிக்கிறார்கள். 'மரம்' என்றுதான் பெரும்பாலானவர்கள் பதில் சொல்வார்கள். மரத்துக்கு வருவோம், கொஞ்சம் பொறுங்கள்.

கிளாரினெட் என்பது ஒரு முனை மூடிய, மறுமுனை திறந்த குழாய். ஊதும் முனை எப்படி மூடியதாகும் என்று கேட்கலாம். ஊதினால் அதிரும் மெல்லிய நாணல் தகடான ரீடுக்கும், வாயில் வைக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே இருக்கும் சந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். உள்ளே ஓடும் ஒலி அலைக்கு அது சுவர் மாதிரி. இப்படிப்பட்ட குழாயில் பிறக்கும் அலையின் நீளம் குழாயைப் போல நான்கு மடங்கு. கணக்குப் போட்டே பார்க்கலாம். பி ஃபிளாட் கிளாரினெட்டில் எல்லாத் துளைகளையும் மூடினால் உள்ளே நிற்கும் காற்றின் நீளம் சுமார் 59 செ.மீ. ஒலியின் வேகம் வினாடிக்கு 346 மீட்டர். 346-ஐ 4 × 0.59-ஆல் வகுத்தால் சுமார் 147 வரும். கிளாரினெட்டின் அடி ஸ்வரமும் 147 ஹெர்ட்ஸ்தான். ஏறக்குறைய அதே நீளமுள்ள மேற்கத்திய புல்லாங்குழல் இருபுறமும் திறந்தது என்பதால் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி மேலே இருந்துதான் தொடங்குகிறது.

மூடிய முனையால் இன்னொரு விளைவும் உண்டு. அந்தக் குழாய் ஒற்றைப்படை மடங்குகளைத்தான் விரும்பும்: 1, 3, 5. புல்லாங்குழலும் சாக்ஸபோனும் மேலே தாவினால் இரண்டு மடங்குக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்குத் தாவும். கிளாரினெட் ஒரேயடியாக மூன்று மடங்குக்குத் தாவும். அடி ஈ-யை வாசித்துக்கொண்டே இடது கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயைத் தொட்டால், பன்னிரண்டாவது ஸ்வரமான பி வந்து நிற்கும். அந்தக் கீ திறப்பது சுமார் 3 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு பொடித் துளையை. தெரிந்தே வைத்த கசிவு என்று சொல்லலாம். அடிப்படை அதிர்வு அந்தக் கசிவில் குலைந்துபோகிறது. மும்மடங்கு அதிர்வு பிழைத்துக்கொள்கிறது. 1700 வாக்கில் நியூரம்பெர்க்கில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் கிளாரினெட்டைக் கிளாரினெட் ஆக்கியது இந்த யோசனையால்தான்.

இப்போது என் பேடுக்குத் திரும்பலாம். சரியாக மூடாத பேட் என்பது அழைக்காமல் வந்த ரெஜிஸ்டர் கீ. அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு ஸ்வரம் ஊமையாகும், இன்னொன்று கீச்சிட்டு எங்கோ தாவும். அடி ஈ-யும் தடுமாறித்தான் இருக்கும். அதை மூச்சைக் கொட்டிச் சமாளித்திருக்கிறேன் போல. ஆக, நல்ல கருவிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மூடுவதற்காகப் போகிறது. கீ ஆடினால் பேட் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் உட்காரும். உலோகம் மெத்தென்று இருந்தால் நாலு மாதத்தில் வளைந்துவிடும். இது கருவியின் தரம் மட்டுமல்ல, பராமரிப்பும்கூட. நன்றாகச் சரிசெய்த பிளாஸ்டிக் கிளாரினெட், கசியும் விலையுயர்ந்த கிளாரினெட்டைத் தோற்கடித்துவிடும்.

கசிவே இல்லாத இரண்டு கருவிகளுக்குள் என்ன வித்தியாசம்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ரெஜிஸ்டர் துளை எங்கே இருக்க வேண்டும்? மும்மடங்கு அதிர்வில் காற்றழுத்தம் ஏறி இறங்காத ஓர் இடம் உண்டு. அது ஊதும் முனையிலிருந்து காற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். துளை அங்கே இருந்தால் மும்மடங்கு அதிர்வுக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் விரல்களைத் தூக்கத் தூக்கக் காற்றின் நீளம் குறைகிறதே. 59 செ.மீ. இருக்கும்போது துளை 20 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். மேலே போய்க் காற்று 28 செ.மீ. ஆனதும் 9 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். சாக்ஸபோன் இதற்கு இரண்டு துளை வைத்துக்கொள்கிறது. கிளாரினெட்டுக்கு ஒன்றுதான். போதாததற்கு அதே துளைக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள்: ஏ-க்கு மேலே இருக்கும் பி ஃபிளாட் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. அந்த ஸ்வரம் ஏன் எப்போதும் சளி பிடித்த குரலில் பேசுகிறது என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

துளையை நடுவாக ஓரிடத்தில் வைத்துவிட்டால் நடுவில் இருக்கும் ஸ்வரங்கள் சரியாக இருக்கும். இரு கோடியிலும் மேல் ஸ்வரம் சுருதி ஏறும். கீழ் ஈ-யைச் சரி செய்தால் மேல் பி எகிறும். இதைச் சமாளிக்கக் கருவி செய்பவர்கள் குழலின் உட்புறத்தில் கை வைக்கிறார்கள். வாசிப்பவர்கள் அதை 'போர்' என்பார்கள். பார்த்தால் நேர்க் குழாய் போல 15 மி.மீ. அல்லது அதற்குச் சற்றுக் குறைவான விட்டத்தில் இருக்கும். அளந்தால் நேராக இருக்காது. காற்றழுத்தம் அதிகம் ஏறி இறங்கும் இடத்தில் குழாயை அகலமாக்கினால் சுருதி இறங்கும். காற்று அதிகம் அசையும் இடத்தில் அகலமாக்கினால் சுருதி ஏறும். ஒரே இடம், கீழ் ஸ்வரத்துக்கு அழுத்தம் மிகுந்ததாகவும் மேல் ஸ்வரத்துக்கு அசைவு மிகுந்ததாகவும் இருக்க முடியும். அங்கே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சுரண்டினால் கீழ் ஸ்வரம் இறங்கும், மேல் ஸ்வரம் ஏறும். எங்கே, எவ்வளவு என்று தெரிந்தவருக்கு இது வரம், தெரியாதவருக்குச் சாபம். ராபர்ட் காரே 1950களில் பூஃபே கிராம்போன் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஆர்13 என்ற மாதிரி பெயர் வாங்கியது, மேல்பாகத்தின் உட்புறத்தைப் படிப்படியாக அகலம் மாறும்படி அமைத்ததில்தான்.

விரல் துளைகளிலும் இதே கதை. நல்ல கருவியில் துளையின் உள்விளிம்பை உட்புறமாகக் குடைந்து விரித்திருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது; குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். கூரான விளிம்பில் காற்று சுழித்துக்கொள்ளும், பலமாக ஊதும்போது சத்தம் அடைபடும். விளிம்பை மழுங்கடித்தால் காற்று தடையில்லாமல் போகும். ஆர்தர் பெனேட் என்ற இயற்பியலாளர் இந்தத் துளைகள் வரிசையாகச் சேர்ந்து என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார். திறந்திருக்கும் துளைகளின் வரிசை, சுமார் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைத் திருப்பி அனுப்பும். அதற்கு மேலே உள்ளதைத் தப்பிக்க விடும். அந்த எல்லை ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரே இடத்தில் இருந்தால், பல ஸ்வரங்களும் ஒரே தொண்டையிலிருந்து வருவது போலக் கேட்கும். மலிவான கருவியில் ஒரு ஸ்வரம் மந்தமாகவும் அடுத்தது பளிச்சென்றும் கேட்பதற்கு இந்த எல்லை அங்கும் இங்கும் நகர்வது ஒரு காரணம்.

சரி, மரம். கிளாரினெட் செய்யும், கருங்காலி போன்ற மரம் ஆப்பிரிக்காவில் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். அதன் 'அதிர்வு'தான் நாதத்தைத் தருகிறது என்று நம்பாதவர் குறைவு. ஆனால் இயற்பியலாளர் ஜான் பேக்கஸ் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், மரக்காற்றுக் கருவிகளின் சுவர் அதிர்வு நீடித்து ஒலிக்கும் ஸ்வரத்தின் குணத்தை மாற்றும் அளவுக்கு இல்லை என்று கண்டார். 1971-இல் இன்னொரு இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் உள்ளளவு ஒன்றாக இருக்கும் புல்லாங்குழல்களைச் செய்து, கண்ணுக்குத் தெரியாமல் வாசிக்க வைத்தார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலிப்பது காற்று, குழல் அதற்கு அச்சு.

அப்படியானால் மரம் வெறும் அலங்காரமா? அதுவும் இல்லை. அடி ஸ்வரத்தில் சுவரை ஒட்டிய சுமார் 0.2 மி.மீ. காற்றுப் படலத்தில்தான் உராய்வும் வெப்ப இழப்பும் நடக்கின்றன. அந்தப் படலத்துக்குச் சுவர் வழுவழுப்பா, நுண்துளை நிறைந்ததா என்பது முக்கியம். அடர்த்தியான, எண்ணெய்ப் பசையுள்ள இந்த மரம் கண்ணாடி போல வழுவழுப்பாகக் கடைந்து வரும், குடைந்த விளிம்பு உதிராமல் நிற்கும். அதைவிடப் பெரிய காரணம் எளிமையானது: கருவி செய்பவர்கள் தங்கள் கவனத்தையெல்லாம் மரக் கருவிகளில்தான் கொட்டுகிறார்கள். பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து அனுப்பிவிடுகிறார்கள். மரத்தூளையும் கார்பன் இழையையும் பிசினால் இறுக்கி, உயர்ந்த மாதிரிகளின் அதே அளவில் பூஃபே செய்யும் கிரீன்லைன் கருவிகளை மேடையில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே போதும்.

மவுத்பீஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தவறு. ரீட் ஒரு வால்வு. அது எவ்வளவு திறக்கிறது, எந்த வளைவில் மூடுகிறது என்பதை மவுத்பீஸ்தான் தீர்மானிக்கிறது. நுனிச் சந்து 1.1 மி.மீ.யிலிருந்து 1.2 மி.மீ. ஆனாலே வேறு கருவி போலத் தோன்றும். புதுக் கிளாரினெட் வாங்கும் முன் நல்ல மவுத்பீஸ் வாங்குங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. நிஜமாகவே பாதிக் குறை அங்கேதான் தீர்கிறது. (மீதிப் பாதியில் கால்வாசி ரீட். அதைப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.)

அதனால் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கப் போகும்போது உங்கள் மவுத்பீஸையும் ரீடையும் கையோடு கொண்டுபோங்கள். மாறுவது குழல் மட்டுமாக இருக்கட்டும். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. முதலில் மேல்பாகத்தைத் தனியாகக் கழற்றி, துளைகளை விரலால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்து உறிஞ்சுங்கள். கசிவில்லாத குழல் உதட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடும்போது 'பக்'கென்று சத்தம் வரும்.

அப்புறம் சுருதியை முள்ளால் காட்டும் ட்யூனரை எடுத்து, கீழ் ஸ்வரம் ஒன்று, ரெஜிஸ்டர் கீயோடு அதன் பன்னிரண்டாவது ஒன்று என்று ஜோடி ஜோடியாக வாசித்துப் பாருங்கள். ஸ்வரத்தைக் காதால் நிறுத்திவிட்டு அப்புறம் முள்ளைப் பாருங்கள்; முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தானாகவே சரிசெய்து உங்களை ஏமாற்றிவிடும். மவுத்பீஸுக்கு அடுத்துள்ள குட்டைத் துண்டான 'பேரல்' என்பதை நிறைய இழுத்து வைத்தால்தான் சுருதி சேர்கிறது என்றால் அந்தக் கருவியை விட்டுவிடலாம். ஒரு மில்லிமீட்டர் இழுப்பது அடி ஸ்வரத்தை 3 சென்ட் இறக்கினால், 22 செ.மீ. காற்றுமட்டுமே உள்ள நடு ஏ-வை 8 சென்ட் இறக்கிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கும் பேரல் கிடையாது.

மரக் கருவிதான் என்று முடிவானால் முதல் சில வாரங்களுக்குப் பொறுமை வேண்டும். உள்சுவர் மூச்சின் ஈரத்தில் ஊதி விரிய, வெளிச்சுவர் காய்ந்தே இருக்க, அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது, பெரும்பாலும் மேல்பாகத்தில். தினமும் 15, 20 நிமிடம் வாசித்து, உடனே துணியை உள்ளே விட்டுத் துடைத்து, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுவார்கள். மீதி நேரத்துக்கு எனக்குப் பழைய பிளாஸ்டிக்தான். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. பி-யும் இப்போது முதல் மூச்சிலேயே வருகிறது.