ஓடாத குழம்பு எழுப்பிய இரட்டைச் சிகரங்கள்

செயின்ட் லூசியா நாட்டின் கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? நீலப் பரப்பின் நடுவே ஒன்றின் மேல் ஒன்றாக முக்கோணங்கள் நிற்கும். கரீபியன் கடலோரத்தில் நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் க்ரோ பிட்டோன், பெட்டி பிட்டோன் என்ற இரண்டு மலைகள்தான் அப்படிக் கொடியில் ஏறியிருக்கின்றன. பெட்டி பிட்டோன் 743 மீட்டர் உயரம். க்ரோ பிட்டோன் அதைவிடச் சற்று உயரமானது, பருமனும் அதிகம். 2004-ல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இரண்டும் எரிமலை தந்தவை. ஆனால் எரிமலை என்றதும் நாம் நினைக்கும் வடிவம் இவற்றுக்கு இல்லை. ஹவாயின் மௌனா லோவா 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தும், கவிழ்த்த தட்டுப்போல அகலமாகச் சரிந்து கிடக்கிறது. பிட்டோன்கள் மட்டும் ஏன் இப்படிக் கூர்ந்து நிற்கின்றன?

விடை சிலிக்காவில், அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருளில், இருக்கிறது. ஹவாயின் பசால்ட் வகை எரிமலைக் குழம்பில் சிலிக்கா ஏறக்குறைய பாதிதான். அது இளகி, நெடுந்தூரம் ஓடிவிடும். பிட்டோன்களின் டேசைட் என்ற எரிமலைப் பாறையில் சிலிக்கா 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. சிலிக்கனும் ஆக்சிஜனும் சங்கிலி சங்கிலியாகப் பின்னிக்கொள்வதால் குழம்பு இறுகி, நகரவே மறுக்கும். டேசைட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சாம்பல் நிறக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் படிகங்கள், அங்கங்கே கறுப்பு ஊசிகள். அந்தப் படிகங்கள் நிலத்தடியில் நிதானமாக வளர்ந்தவை; சுற்றியுள்ள சாம்பல் பகுதி மேலே வந்தபின் சீக்கிரம் ஆறியது. அதாவது, வெளியே வரும்போதே குழம்பில் பாதி கல்லாகியிருந்தது.

அப்படிப்பட்ட குழம்பு எரிமலை வாயைவிட்டு வெளியேறினாலும் ஓடாது. பற்பசைக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் வருவதுபோல, வந்த இடத்திலேயே குவியும். இதைக் குவிமாடம் என்கிறார்கள். சில சமயம் அதிலிருந்து ஒரு தூணே கிளம்பும். செயின்ட் லூசியாவுக்கு வடக்கே அடுத்த தீவான மார்டினிக்கில், 1902-ல் பெலே எரிமலை வெடித்து செயின்ட் பியேர் நகரை அழித்தது. அதே ஆண்டு கடைசியில் அதன் குவிமாடத்திலிருந்து ஒரு பாறைத்தூண் முளைத்து, சில சமயம் ஒரே நாளில் பத்து மீட்டருக்கு மேல்கூட வளர்ந்து, 300 மீட்டரைத் தாண்டியது. பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ஃப்ரெட் லாக்ருவா அதை அருகிலிருந்து ஆராய்ந்தார். மறு ஆண்டே அது நொறுங்கி விழுந்தது.

தெற்கே செயின்ட் வின்சென்டில் 2020 டிசம்பரில் தோன்றிய புதிய குவிமாடத்துக்கு அந்த ஆயுளும் இல்லை. 2021 ஏப்ரல் 9-ல் தொடங்கிய வெடிப்புகள் அதைச் சிதறடித்தன. ஓடாத குழம்பு வாயுவையும் எளிதில் விடாது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதை நினைக்கும்போதுதான் பிட்டோன்கள் இன்றும் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஒரு பெரிய எரிமலையின் சரிவில் எழுந்த இரண்டு குவிமாடங்களின் நடுப்பகுதிகள் இவை. வெளிப்புறத்தை மழையும் காலமும் அரித்துவிட்டன. கெட்டியான உள்பகுதி மிஞ்சியது.

சரி, இத்தனை குழம்பும் எங்கிருந்து வந்தது? பூமியின் மேலோடு பல பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது; அவற்றில் அட்லாண்டிக் கடலடித் தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தில் கரீபியன் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. ஆழத்தில் அது விடும் நீர், மேலேயுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகியது மேலேறும் வழியில் ஆறி, படிகங்களைக் கழித்துவிட்டு, சிலிக்கா செறிந்ததாக மாறுகிறது. தட்டு இன்றும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மலைகளுக்குப் பக்கத்து ஊரின் பெயர் சூஃப்ரியேர். பிரெஞ்சில் கந்தகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அருகிலுள்ள கந்தக ஊற்றுகளில் சாம்பல் நிறச் சேறு கொதித்துக் குமிழிடுகிறது. அழுகிய முட்டை நாற்றத்தோடு நீராவி எழுகிறது. 1766-ல் அங்கே ஒரு சிறிய நீராவி வெடிப்பு நடந்தது. இப்போது டிரினிடாடில் உள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் நில அதிர்வு ஆய்வு மையம் இந்தப் பகுதியின் அதிர்வுகளைக் கண்காணித்துவருகிறது.