சொல் விளக்கம்: மின்னியற்றி

ஜெனரேட்டர் என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் 'ஈன்றவன், தோற்றுவித்தவன்' என்பதே பொருள். 1831-இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்னோட்டம் தோன்றுவதை, கண்டறிந்து, அதற்கு அடுத்த ஆண்டிலேயே பாரிசில் இப்போலித் பிக்ஸி என்ற கருவி வினைஞர் கையால் சுழற்றும் கருவியொன்றைச் செய்த பிறகு, சுழற்சியிலிருந்து மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் பொறிகளுக்கு இச்சொல் மெல்ல மெல்ல உரியதாயிற்று. சைக்கிள் விளக்கால் நமக்குப் பழகிப்போன டைனமோ என்ற சொல்லோ கிரேக்க மொழியில் 'ஆற்றல்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது.

தமிழில் ஜெனரேட்டருக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னியற்றி என்கின்றன; மின்னாக்கி என்று எழுதுவோரும் உண்டு; இலங்கையில் மின்பிறப்பாக்கி என்பதே பெருவழக்கு. மூலச்சொல்லின் பொருளுக்கு மிக அணுக்கமாக நிற்பது மின்பிறப்பாக்கிதான். ஆயினும் நான் மின்னியற்றியையே தேர்வேன். 'இயற்றலும் ஈட்டலும்' என்று தொடங்கும் குறளில் (385) இயற்றல் என்பது பொருள் வரும் வழிகளை உண்டாக்குவதைக் குறிக்கிறது. அக்குறள் அதன்பின் அடுக்கும் ஈட்டல், காத்தல், வகுத்தல் ஆகிய மூன்றும், பேட்டரியில் மின்சாரத்தைச் சேர்த்து, அது வடிந்துபோகாமல் பார்த்து, விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் பங்கிட்டுக் கடலில் நாள் கழிக்கும் பாய்மரப் படகோட்டிக்கும் அப்படியே பொருந்துவது வியப்புதான்.

பாய்மரப் படகில் மாதக்கணக்கில் கடற்பயணம் செய்வோரிடையே இச்சொல்லின் பொருள் குறுகியிருக்கிறது. அவர்கள் அடைமொழியின்றி ஜெனரேட்டர் என்றால், எரிபொருளால் ஓடும் எஞ்சினும் அது சுழற்றும் மின்னியற்றியும் ஒன்றாக இணைந்த பொறியையே குறிக்கிறார்கள். அந்த இணைப்புக்கு ஜென்செட் என்ற பெயரும் உண்டு. இதைத் தமிழில் மின்னியற்றித் தொகுதி எனலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லில் காட்டுவது இன்றியமையாதது. ஏனெனில் படகுக்கு எதை வாங்குவது என்ற கேள்வியின் விடை, மின்னியற்றியைச் சுழற்றுவது எது என்பதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கேனரித் தீவுகளிலிருந்து கரிபியன் கடலுக்கு ஏறத்தாழ 2,700 கடல்மைல் பயணத்தை எடுத்துக்கொள்வோம். காற்று மின்னியற்றி தரும் திறன் காற்றுவேகத்தின் மும்மடிப்பெருக்கத்துக்கு, அதாவது வேகத்தை அதனாலேயே இருமுறை பெருக்கிவரும் எண்ணுக்கு, ஏற்ப மாறுவது. அப்பாதையில் வணிகக்காற்று பின்னாலிருந்தே வீசுவதால், மணிக்கு 16 கடல்மைல் வேகக் காற்றில் 6 கடல்மைல் வேகத்தில் செல்லும் படகின்மேல் 10 கடல்மைல் வேகக் காற்றே படும். கிடைக்கும் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதே காற்றாடி, கரிபியன் தீவொன்றின் அருகே நங்கூரமிட்டு நிற்கையில் முழுக்காற்றையும் வாங்கி நன்றாகவே உழைக்கும். நீர் மின்னியற்றியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. படகின் பின்புறம் நீரில் இறக்கப்படும் சிறு சுழலி படகின் ஓட்டத்தாலேயே சுழல்வதால், தொடர்ந்து 100 வாட் கிடைத்தாலும் ஒரு நாளில் 2.4 கிலோவாட் மணி சேர்ந்துவிடும். குளிரூட்டும் வசதியில்லாத நடுத்தரப் படகின் அன்றாடத் தேவைக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் நங்கூரமிட்ட பின் அதற்கு வேலையே இல்லை.

படகினுள் நிலையாகப் பொருத்தப்படும் டீசல் மின்னியற்றித் தொகுதிக்குக் காற்றும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். முதன்மை எஞ்சினுக்கு உரிய தொட்டியிலிருந்தே எரிபொருளும் கிடைக்கும். குளிரூட்டியும் கடல்நீரை நன்னீராக்கும் கருவியும் உள்ள படகில் இதைத் தவிர்ப்பது கடினம். நான்கு காந்தமுனைகள் கொண்டது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால் போதும். இரண்டு முனைகள் கொண்டது 3,000 முறை சுழல வேண்டும் என்பதால் எடையில் குறைந்தும் இரைச்சலில் மிகுந்தும் இருக்கும். பெரியதாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்று எண்ணுவோர் இங்கேதான் தவறுகிறார்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு 100 ஆம்பியர் ஏற்றுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் போதும். அதற்காக மட்டும் 6 கிலோவாட் தொகுதியை நாள்தோறும் ஓட்டினால், சுமை போதாத டீசல் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் உள்ளே கரி படிந்து கெடும். பேட்டரிக்காக மட்டுமே என்றால், நேர்த்திசை மின்னோட்டத்தை நேரடியாகத் தரும் சிறிய தொகுதியே மேல்.

கையில் தூக்கிச் செல்லத்தக்க பெட்ரோல் தொகுதி விலையில் மலிவு, ஆபத்தில் அப்படியன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடித்தளத்தில் தேங்கி ஒரு சிறு தீப்பொறியிலேயே பற்றிக்கொள்ளக்கூடும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளிமத்துக்கு நிறமோ மணமோ இல்லை. எனவே இத்தொகுதியைத் திறந்த மேல்தளத்தில், புகை அறைக்குள் திரும்பாத இடத்தில் வைத்து மட்டுமே இயக்க வேண்டும்.

முதன்மை எஞ்சினோடு இணைந்த ஆல்டர்னேட்டரும் மின்னியற்றியே. இலத்தீனில் 'மற்றொன்று' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்த அப்பெயருக்கு மாறுதிசை மின்னியற்றி என்பது பொருத்தமான தமிழ். நம் சைக்கிள் டைனமோவும் உண்மையில் மாறுதிசை மின்னோட்டத்தையே தருகிறது. சூரிய மின்தகட்டை மட்டும் மின்னியற்றி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அது மின்சாரம் தந்தாலும், அதில் சுழல்வது எதுவுமில்லை.