ஐந்து புள்ளியில் மாட்டிய கோடை

"மேடம், பேப்பர் எப்போ வரும்?" கோடை ஆராய்ச்சிக்கு என்னிடம் வரும் இளங்கலைக் கணித மாணவர்களில் பாதிப் பேர் முதல் வாரமே இதைக் கேட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம் அப்படி. பணம் கட்டினால் பதினைந்தே நாளில் கட்டுரையும் சான்றிதழும் கைக்கு வந்துவிடுமாம். ஒரு மாணவன் வீட்டுக்குத் தெரியாமல் கட்டியே விட்டான். எம்.எஸ்சி. நேர்முகத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் முதல் கேள்வி. தன் பெயரில் வந்ததை அவனாலேயே விளக்க முடியவில்லை.

இன்னொரு மாணவியின் கோடை வேறு மாதிரி. அவளுக்கு நான் கொடுத்தது சின்னக் கணக்கு. வட்டமாகச் சில புள்ளிகள், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே கோடு. ஐந்து புள்ளி என்றால் 0 முதல் 5 வரை உள்ள எண்களில் ஐந்தை எடுத்து, புள்ளிக்கு ஒன்றாகப் போட வேண்டும். ஒவ்வொரு கோட்டின் இரு முனை எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் 1, 2, 3, 4, 5 எல்லாம் ஒவ்வொரு முறை வர வேண்டும். நான்கு புள்ளிக்கு 0, 4, 1, 2 என்று சுற்றி எழுதினால் சரியாக வரும். ஐந்துக்கு?

ஒன்பது நாள் போட்டுப் பார்த்தாள். அரை நோட்டு தீர்ந்தது. "எனக்குக் கணக்கே வராது போல, மேடம்" என்று கண் கலங்கிவிட்டாள். விடை எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் வழிகாட்டிக்குக் கஷ்டமான வேலை. முன்பெல்லாம் நான் இரண்டாம் நாளே சொல்லிவிடுவேன். "வித்தியாசத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

சாயங்காலம் ஓடி வந்தாள். "ஏற்காடு போயிட்டு வர்ற மாதிரி மேடம்! சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வரணும்னா, ஏறின அளவு இறங்கித்தானே ஆகணும்? அப்போ மொத்தம் இரட்டைப்படை. ஆனா ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கூட்டினா 15." முடியவே முடியாது என்பதை நிரூபித்துவிட்டாள்.

அப்புறம்தான் அலெக்சாண்டர் ரோசா என்ற கணிதவியலாளர் இதை 1967-லேயே எழுதிவிட்டார் என்று சொன்னேன். முகம் வாடிப்போனது. இதே கேள்வியை வட்டத்துக்குப் பதில் மரவடிவ வரைபடங்களுக்கு, அதாவது எங்கும் சுற்றி மூடாமல் கிளை கிளையாகப் பிரியும் படங்களுக்குக் கேட்டால், எல்லாவற்றுக்கும் எண் போட முடியுமா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படிப் புள்ளிகளுக்கு எண் போடுவதற்கு லேபிளிங் என்று பெயர். நம் ஊர்க் கல்லூரிகளில் லேபிளிங் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. பலவற்றில் எண் போடும் முறைக்கு ஒரு புதுப் பெயர் இருக்கும். இப்படி ஒரு சாயங்காலம் இருக்காது.

முறையான வாய்ப்புகள் இருக்கின்றன. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டத்தில் உதவித்தொகை அவர்களே தருகிறார்கள். ஏப்ரலில் விசாரித்தால் பயனில்லை, விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு இறுதியிலேயே கவனிக்க வேண்டும். 1993-ல் பேராசிரியர் குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணித முகாம் ஆராய்ச்சி அல்ல, பயிற்சிதான். ஆனால் 'ஏன்' என்று கேட்கும் பழக்கம் அங்கே வந்துவிடும்.

அவள் பேப்பர் எதுவும் போடவில்லை. ஆறு புள்ளிக்குக் கூட்டுத்தொகை 21, அதுவும் ஆகாது என்று அன்றே சொல்லிவிட்டாள். மறுநாள் காலை என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது: "ஏழுக்கு வருது மேடம். 0, 7, 1, 6, 2, 4, 3."